பிரபஞ்சத்தின் முடிவைப் பற்றி ஊகிப்பது எப்படி: தோட்டத்து ஆட்களுக்கு ஒரு வழிகாட்டி

கருந்துளை பற்றியும் பிரபஞ்சம் எப்படி முடியும் என்பது பற்றியும் வாட்ஸ்அப்பில் வருகிற காணொளிகள் முழுப் பொய்யாக இருந்தால் நமக்கு வேலை மிச்சம், அழித்துவிட்டுப் போய்விடலாம். அவை பெரும்பாலும் முக்கால்வாசி உண்மை, அதுதான் தொல்லை. யாரோ ஒரு விஞ்ஞானி நிஜமாகவே எழுதிய யோசனையை எடுத்து, அதில் இருந்த "ஒருவேளை"யை மட்டும் உருவிவிட்டு, பயமுறுத்துகிற இசையைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரில் ஒட்டுக்கடை மேசைக்கு அது வந்து சேரும்போது, "நாம எல்லாரும் ஒரு கருந்துளைக்குள்ளதான் இருக்கோமாம் தம்பி, பாத்தியா?" என்று கேட்கிற அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது? இந்தக் குறிப்பு அதற்குத்தான்.

ஊகிக்கவே கூடாது என்று சொல்லப்போவதில்லை. தாராளமாக ஊகிக்கலாம், காசா பணமா. ஆனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: எந்த அளவீடு வந்தால் இந்த ஊகம் செத்துப்போகும்? பதில் இருந்தால் மேலே பேசலாம். இல்லையென்றால் அது கதை, கதையாகக் கேட்டு ரசித்துவிட்டுப் போகலாம்.

முதலில் வெளியே போய்ப் பாருங்கள்

கருந்துளையைக் கண்ணால் பார்க்க முடியாது, சரி. அது இருக்கிற திசையைப் பார்க்கலாம் அல்லவா? எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது வானத்தில் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு பேசினால் பேச்சே வேறு மாதிரி ஆகிவிடும்.

இடம் முக்கியம். வளர்ந்த செம்பனைக் காட்டுக்குள் நின்றால் மட்டையைத் தவிர ஒன்றும் தெரியாது. மறுநடவு செய்த பகுதியாகப் பாருங்கள், கன்று இடுப்பு உயரம்கூட வராத இடமாக இருந்தால் நாலா பக்கமும் வானம் திறந்து கிடக்கும். தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ராத்திரியில் காவலாளி டார்ச் அடித்து வந்து "என்ன வேலை இங்க?" என்று கேட்கும்போது கருந்துளை பார்க்கிறோம் என்று சொல்லி நம்பவைப்பது சிரமம். காலுக்கு பூட்ஸ் கட்டாயம். செம்பனைக்கு எலி வரும், எலிக்கு நாகம் வரும். பைனாகுலர் வைத்திருந்தால் கூடவே ஒரு பழைய பருத்தித் துண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடி வெளுத்துப்போய் நட்சத்திரமெல்லாம் பஞ்சாகத் தெரியும். மூச்சு விட்டுத் துடைக்கவே கூடாது, சட்டைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் அதுவாகத் தெளியும்.

ஆகஸ்ட் மாத நடுவில், நிலா இல்லாத இரவாகப் பார்த்து, ஒன்பது ஒன்பதரை வாக்கில் தெற்கே திரும்பி நில்லுங்கள். அடிவானத்தில் ஈப்போவின் வெளிச்சம் மங்கலாக எழும்பி நிற்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம், நாம் பார்க்கப்போவது அதற்கு வெகு மேலே. கொஞ்சம் வலப்பக்கமாகச் சிவப்பாக மின்னுவது கேட்டை நட்சத்திரம். அங்கிருந்து வளைந்து இறங்குகிற விருச்சிகத்தின் வால் நுனியில் இரண்டு நட்சத்திரங்கள் நெருங்கி நிற்கும், அது மூலம். அதற்கு இடப்பக்கம் பூராடமும் உத்திராடமும் சேர்ந்த தனுசுக் கூட்டம். வானியல்காரர்கள் அதைத் தேநீர்க் கெண்டி என்பார்கள், பார்த்தால் உங்களுக்கும் அப்படியே தெரியும். அந்தக் கெண்டியின் மூக்கு நுனிக்கு வலப்பக்கம், கையை நீட்டிப் பிடித்தால் மூன்று விரல் அகலம் தள்ளி, அங்கேதான் நம் பால்வீதியின் நடுவிலுள்ள கருந்துளை இருக்கிறது. சஜிட்டேரியஸ் ஏ-ஸ்டார் என்று பெயர். தூரம் ஏறக்குறைய 27,000 ஒளியாண்டு. எடை சூரியனைப் போல சுமார் 4.3 மில்லியன் மடங்கு.

சுமத்ராவில் தீ வைக்கிற காலமும் இதுவேதான் என்பது நம் தலையெழுத்து. புகைமூட்டம் இறங்கிவிட்டால் கேட்டையைத் தவிர எதுவும் தெரியாது, வீட்டுக்குப் போய்விடலாம்.

பக்கத்தில் நிற்கிறவர் "அங்க ஒண்ணுமே இல்லையே?" என்பார். அப்போது எஸ்2 என்ற நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அந்த இடத்தை அது 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. 2018-ல் கிட்ட வந்தபோது அதன் வேகம் விநாடிக்கு 7,600 கிலோமீட்டருக்கு மேல். ஒன்றுமே தெரியாத ஓர் இடத்தைச் சுற்றி ஒரு நட்சத்திரம் இப்படி ஓட வேண்டுமென்றால் அங்கே எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் ரெய்ன்ஹார்ட் கென்சலும் ஆண்ட்ரியா கெஸ்ஸும் 2020-ல் ரோஜர் பென்ரோஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். 2022 மே மாதம் வெளிவந்த அதன் படம் அப்புறம் வந்த சாட்சி. ஆக, கருந்துளை இருக்கிறது என்பது ஊகம் இல்லை. ஊகம் இனிமேல்தான் ஆரம்பம்.

மூன்று கிலோமீட்டர் விதி

ஒரு சின்னக் கணக்கு மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அது பாதிக் காணொளிகளைத் தீர்த்துக்கட்டிவிடும். சூரியன் எடையுள்ள கருந்துளையின் ஆரம், அதாவது உள்ளே போனால் ஒளிகூடத் தப்ப முடியாத எல்லை, சுமார் 3 கிலோமீட்டர். இரண்டு சூரியன் என்றால் 6, பத்து சூரியன் என்றால் 30. அவ்வளவுதான், பெருக்கிக்கொண்டே போகலாம். கார்ல் சுவார்ட்ஸ்சைல்டு என்ற ஜெர்மன் இயற்பியலாளர் முதல் உலகப் போரில் ராணுவத்தில் இருந்துகொண்டே ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைத் தீர்த்து, அது 1916-ல் அச்சானது. அதிலிருந்து வருவதுதான் இந்த அளவு.

இதை வைத்து என்ன செய்யலாம்? முதலில், கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சி இழுத்துவிடும் என்ற பயத்தைக் கழித்துவிடலாம். சூரியனை எடுத்துவிட்டு அதே இடத்தில் அதே எடையுள்ள கருந்துளையை வைத்தால் பூமி இப்போது சுற்றுகிற மாதிரியே சுற்றிக்கொண்டிருக்கும். இருட்டும் குளிரும் நம்மைக் கொன்றுவிடும், அது வேறு விஷயம். ஈர்ப்பு மாறாது. அபாயம் அந்த 3 கிலோமீட்டரை நெருங்கிப் போகிறவனுக்குத்தான்.

அடுத்தது இன்னும் ருசியானது. எம்87 என்ற கேலக்ஸியின் (நம் பால்வீதி மாதிரி இன்னொரு நட்சத்திரக் கூட்டம்) நடுவில் இருக்கிற கருந்துளை, அதாவது 2019 ஏப்ரலில் உலகமே பார்த்த அந்த ஆரஞ்சு வளையம், 6.5 பில்லியன் சூரிய எடை. மூன்றால் பெருக்கினால் 19.5 பில்லியன் கிலோமீட்டர் ஆரம். நெப்டியூனின் சுற்றுப்பாதையைப் போல நாலு மடங்குக்கும் மேல். அந்த எடையை அந்தக் கோளத்துக்குள் பரப்பினால் சராசரி அடர்த்தி நாம் மூச்சுவிடுகிற காற்றைவிடக் குறைவாக வரும்! கருந்துளை என்றாலே நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்கு நசுங்கிய பொருள் என்று படித்தவர்களுக்கு இது தூக்கிவாரிப்போடும். ஆரம் இரட்டிப்பானால் எடையும் இரட்டிப்புத்தான், கன அளவோ எட்டு மடங்கு, ஆகவே பெரிதாகப் பெரிதாக அடர்த்தி குறைந்துகொண்டே போகிறது. இதை நினைவில் வையுங்கள், அடுத்து வருகிற ஊகம் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. எம்87-ஐப் பார்க்க ஆசையிருந்தால் மே மாதம் இரவு பத்து மணிக்குக் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே இருக்கும், உத்திர நட்சத்திரத்துக்குக் கிழக்கே. சின்ன தொலைநோக்கியில் ஒரு மங்கல் திட்டு தெரியும், 55 மில்லியன் ஆண்டு பழைய வெளிச்சம்.

இந்த இடத்தில் சந்திரசேகரை ஒருதரம் நினைத்துக்கொள்வது நியாயம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பிள்ளை, பயணத்திலேயே கணக்குப் போட்டு, எரிந்து முடிந்து சுருங்கிய வெண்குள்ளன் நட்சத்திரத்துக்கு ஓர் எடை வரம்பு உண்டு என்று கண்டான். அந்த வரம்பு சுமார் 1.4 சூரியன். அதற்கு மேல் போனால் நட்சத்திரம் நசுங்கிக்கொண்டே போக வேண்டும். 1935-ல் பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டன் சபையில் எழுந்து நின்று, இயற்கை இப்படிக் கிறுக்குத்தனமாக நடந்துகொள்ளாது என்கிற மாதிரி பேசி அதை மட்டம் தட்டினார். எடிங்டன் அன்றைக்குப் பெரிய ஆள். சந்திரசேகருக்கு நோபல் 1983-ல்தான் வந்தது. பெரிய ஆள் சொன்னார் என்பது ஊகத்தைக் கொல்லாது, காப்பாற்றவும் செய்யாது.

நாம் ஒரு கருந்துளைக்குள்ளா இருக்கிறோம்?

இப்போது அண்ணனின் கேள்விக்கு வரலாம். இது கைப்பேசிக்காரர்கள் கட்டிவிட்ட கதை இல்லை. ஆர்.கே. பத்ரியா என்ற இந்திய இயற்பியலாளர் 1972-லேயே 'நேச்சர்' இதழில் இதை எழுதியிருக்கிறார். வாதம் இப்படிப் போகும். பிரபஞ்சத்தின் சராசரி அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஐந்தாறு ஹைட்ரஜன் அணு எடைதான். ஆனால் இடமோ பிரம்மாண்டம். சுமார் 14 பில்லியன் ஒளியாண்டு ஆரமுள்ள கோளத்தை எடுத்து, அதற்குள் இருக்கிற எடையைக் கணக்கிட்டு, நம் 3 கிலோமீட்டர் விதியைப் போட்டுப் பாருங்கள். விடை? சுமார் 14 பில்லியன் ஒளியாண்டு. அச்சாகப் பொருந்துகிறது.

முதல் தடவை போட்டுப் பார்க்கிறவருக்குப் புல்லரிக்கும். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். அந்த 14 பில்லியன் என்ற ஆரம் எங்கிருந்து வந்தது? ஒளியின் வேகத்தைப் பிரபஞ்சம் விரிகிற வீதத்தால் வகுத்தால் வருவது. அந்த ஐந்தாறு அணு என்ற அடர்த்தி? வெளி வளையாமல் தட்டையாக இருக்கத் தேவையான அடர்த்தி, அதுவும் அதே விரிவு வீதத்திலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. ஆக இரண்டு தனித்தனி அளவுகள் அதிசயமாகப் பொருந்தவில்லை, ஒரே சமன்பாட்டை இரண்டு தடவை எழுதி இரண்டும் சமம் என்று காட்டியிருக்கிறோம். தட்டையான எந்தப் பிரபஞ்சத்தில், எந்தக் காலத்தில் போட்டாலும் இந்தச் சமம் வரும். பிரபஞ்சத்துக்கு ஒரு பில்லியன் வயதாக இருந்தபோதும் வந்திருக்கும். எந்த அளவீட்டாலும் கொல்ல முடியாத ஒற்றுமை இது, அதனால் சாட்சியாகவும் ஆகாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. கருந்துளைக்குள் விழுந்தவனுக்கு நசுங்குகிற புள்ளி எதிர்காலத்தில் இருக்கிறது. நமக்கோ அந்த மாதிரி அடர்த்தியான நிலை 13.8 பில்லியன் ஆண்டுகளுக்கு முன்னால், கடந்த காலத்தில் இருக்கிறது. நாம் எதையும் நோக்கி விழவில்லை, எல்லாம் விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. இதைச் சமாளிக்க, தாய்ப் பிரபஞ்சத்தின் கருந்துளைக்குள் நசுங்கிய பொருள் மறுபடி விரிந்து நம் பிரபஞ்சமானது என்று சிலர் மாதிரி கட்டுகிறார்கள். அப்படி நடந்திருக்க முடியாது என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. 2025-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களில் 263 கேலக்ஸிகளை எண்ணிப் பார்த்து, ஒரு பக்கமாகச் சுழல்பவை அதிகம் என்று ஓர் ஆய்வு வந்தது. பிரபஞ்சமே சுழலும் கருந்துளைக்குள் பிறந்தது என்பதற்கு இதுதான் ஆதாரம் என்று காணொளிகள் துள்ளின. 263 மிகக் குறைவு, அதுவும் வானத்தின் ஒரு சின்ன மூலை. பெரிய பரப்பில், ஆயிரக்கணக்கில் எண்ணியும் அந்த ஏற்றத்தாழ்வு நின்றால் அப்போது உட்கார்ந்து பேசலாம்.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது லீ ஸ்மோலின் என்ற இயற்பியலாளர் 1992-ல் சொன்னது. ஒவ்வொரு கருந்துளையும் ஒரு புதுப் பிரபஞ்சத்தைப் பெறுகிறது, குழந்தைப் பிரபஞ்சத்தின் இயற்கை விதிகள் தாயிடமிருந்து கொஞ்சம் மாறியிருக்கும், கருந்துளைகளை அதிகம் உண்டாக்குகிற பிரபஞ்சங்களே அதிகம் பிள்ளை பெறும், ஆகவே நம் பிரபஞ்சமும் அந்த வம்சத்தில் வந்ததாக இருக்கும். டார்வினைக் கொண்டுபோய் வானத்தில் வைத்த மாதிரி. பிடித்ததற்குக் காரணம் கற்பனை மட்டும் இல்லை. நம் பிரபஞ்சம் கருந்துளை உற்பத்திக்கு ஏற்றபடி அமைந்திருந்தால் நியூட்ரான் நட்சத்திரத்தின் (நசுங்கியும் கருந்துளை ஆகாமல் நின்ற நட்சத்திரம்) எடை ஒரு வரம்புக்குள்தான் இருக்க வேண்டும், அது சுமார் 1.6 சூரியன் என்று அவரே முதலில் எண்ணைக் கொடுத்தார். 2010-ல் ஏறக்குறைய 2 சூரிய எடையுள்ள நியூட்ரான் நட்சத்திரம் அளக்கப்பட்டது. ஊகத்துக்கு நல்ல அடி. ஆனால் அடி வாங்குகிற இடத்தில் போய் நின்றதே, அதுதான் மரியாதை.

முடிவுகளை வரிசைப்படுத்துவது

பிரபஞ்சம் எப்படி முடியும் என்பதில் வேட்பாளர்கள் பலர். எல்லாருக்கும் சம நேரம் கொடுக்கத் தேவையில்லை.

முன்னணியில் நிற்பது நீண்ட குளிர்ச்சாவு. பிரபஞ்சத்தின் விரிவு வேகமெடுத்துக்கொண்டிருக்கிறது என்று 1998-ல் இரண்டு குழுக்கள் கண்டன, 2011-ல் அதற்கு நோபல். அந்த வேகத்துக்குக் காரணமான இருள் ஆற்றல், பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் ஏறக்குறைய 68 சதவீதம், மாறாமல் அப்படியே இருந்தால் தூரத்துக் கேலக்ஸிகள் நம் பார்வைக்கு எட்டாமல் போய்விடும், சின்னச் சிவப்பு நட்சத்திரங்கள் பல டிரில்லியன் ஆண்டு எரிந்து அணையும், கடைசியில் செத்த நட்சத்திரங்களின் பிணங்களும் கருந்துளைகளும் மட்டும் மிஞ்சும்.

பிணங்கள் என்ன ஆகும் என்பது அணுக்கருவிலுள்ள புரோட்டான் என்ற துகள் சிதையுமா என்பதைப் பொறுத்தது. இந்தக் கேள்விக்கும் நம் ஆட்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கர்நாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கம் தமிழ்த் தொழிலாளர்கள் வெட்டியது. வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சாரார் கித்தா மரம் சீவ இங்கே வந்த காலத்தில் இன்னொரு சாரார் அங்கே போனார்கள். அந்தச் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 1980-களில், இந்திய-ஜப்பானியக் குழு இரும்பை அடுக்கி வைத்துப் புரோட்டான் சிதைகிறதா என்று காத்திருந்தது. சிதைவாக இருக்கலாம் என்று சில நிகழ்வுகளை அறிவித்தார்கள். மற்ற ஆய்வுக்கூடங்கள் உறுதிப்படுத்தவில்லை. இன்றைக்கு ஜப்பானின் சூப்பர்-காமியோகாண்டே ஆய்வுக்கூடம் சொல்வது, சிதைந்தாலும் அதன் ஆயுள் 1-க்குப் பின்னால் 34 சுழியம் போட்ட ஆண்டுகளுக்கு மேல். காத்திருக்கிறார்கள், இன்னும் ஒன்றும் வரவில்லை.

பிறகு கருந்துளைகளும் போகும். 1974-ல் ஹாக்கிங் சொன்னபடி அவை மெல்லக் கதிர்வீசி ஆவியாகும், சூரிய எடையுள்ள ஒன்றுக்கு 1-க்குப் பின் 67 சுழியம் ஆண்டுகள் ஆகும், பெரியவற்றுக்கு 100 சுழியம் வரைக்கும். இங்கே ஒரு தவறான பேச்சு உலவுகிறது, அவை இப்போதே கரைந்துகொண்டிருக்கின்றன என்று. இல்லை. சூரிய எடைக் கருந்துளையின் வெப்பம் தனிச்சுழியத்துக்கு மேல் ஒரு டிகிரியின் பத்து கோடியில் ஆறு பங்கு. சுற்றியுள்ள வெளியோ 2.7 டிகிரி. மேசையில் வைத்த ஐஸ் கிளாஸ் அறையிலிருந்து சூட்டை வாங்கிக்கொள்வது மாதிரி, இன்றைக்குக் கருந்துளைகள் வாங்குவதுதான் அதிகம், விடுவது குறைவு. பிரபஞ்சம் அவற்றைவிடக் குளிர்ந்த பிறகுதான் ஆவியாதலே ஆரம்பம்.

பெருங்கிழிவு என்று ஒன்று. 2003-ல் கால்ட்வெல் குழு, இருள் ஆற்றல் நாளுக்கு நாள் வலுத்தால் என்ன ஆகும் என்று ஒரு கடுமையான எடுத்துக்காட்டுக்குக் கணக்கிட்டது. அதில் 22 பில்லியன் ஆண்டுகளில் எல்லாம் கிழியும், கடைசி மூன்று மாதத்தில் சூரியக் குடும்பம், கடைசி அரை மணியில் பூமி. அந்த எடுத்துக்காட்டில் எடுத்துக்கொண்ட அளவு இன்றைய அளவீடுகளோடு ஒத்துவரவில்லை, ஆனால் காணொளிகளில் அந்த 22 பில்லியன் மட்டும் சாகாவரம் பெற்றுவிட்டது.

வெற்றிடச் சிதைவு: 2012-ல் கண்ட ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் எடையை வைத்துப் பார்த்தால் நம் வெற்றிடம் முழு உறுதியான நிலையில் இல்லாமல் இருக்கலாம், எங்காவது ஒரு குமிழி கிளம்பி கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் விரிந்து எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். வருவது தெரியவே தெரியாது, ஆகவே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்குப்படி ஆயுளும் மிக மிக நீளம்.

பென்ரோஸின் சுழற்சிப் பிரபஞ்சம் நம்மவர்களுக்குச் சட்டென்று பிடித்துவிடும். ஒரு யுகத்தின் வெறுமையான முடிவே அடுத்ததன் தொடக்கம், முந்தைய யுகத்துக் கருந்துளைகளின் தடம் பின்னணிக் கதிர்வீச்சில் (பிரபஞ்சத்தின் ஆரம்ப காலத்திலிருந்து மிஞ்சிய மங்கல் ஒளி) வளையங்களாகத் தெரியும் என்றார் 2010-ல். மற்ற குழுக்கள் தேடின, வழக்கமான மாதிரியில் கணினி உருவாக்கிய வானத்திலும் அதே அளவு வளையங்கள் கிடைத்தன.

இதைக் கேட்டதும் யாராவது ஒரு பெரியவர், "பிரம்மாவுக்கு ஒரு பகல் 432 கோடி வருஷம்னு நம்ம புராணம் அப்பவே சொல்லிருச்சே" என்பார். மரியாதையாகக் கேளுங்கள். அவ்வளவு பெரிய காலத்தை மனதில் வைத்துப் பார்க்கத் துணிந்தது சின்ன விஷயம் இல்லை. பூமியின் வயது 454 கோடி என்பதோடு அது பக்கத்தில் வருகிறது என்று அவரே மகிழ்ந்தால் ஒரு கேள்வி மட்டும் கேட்கலாம்: "ஐயா, பூமி வயசு 800 கோடின்னு வந்திருந்தா புராணம் பொய்னு ஒத்துக்குவீங்களா?" ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொள்ளவும் தேவையில்லை, அது வேறு வகைப் பேச்சு. தே தாரிக் வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போங்கள்.

செய்தியில் எதைப் பார்ப்பது

இந்த முடிவுகளில் பெரும்பாலானவை இன்றைக்கு ஒரே அளவின் மேல் தொங்குகின்றன: இருள் ஆற்றல் மாறாததா, மாறுகிறதா. அமெரிக்காவில் அரிசோனாவின் கிட் பீக் மலையில் டெசி என்ற கருவி 5,000 இழைகளை வைத்துக் கேலக்ஸிகளை அளந்துகொண்டிருக்கிறது. 2024-லும் மறுபடி 2025 மார்ச்சிலும், இருள் ஆற்றல் காலப்போக்கில் பலவீனமாகிறது போல் தெரிகிறது என்று அவர்கள் அறிவித்தார்கள். உண்மையானால் பெருங்கிழிவுக்கு வாய்ப்பு சுருங்கும், எல்லாம் திரும்பச் சுருங்கி விழும் என்ற பழைய ஊகத்துக்கு மறுபடி கொஞ்சம் உயிர் வரும். ஆனால் பலம் எவ்வளவு? எந்த சூப்பர்நோவாத் (வெடித்த நட்சத்திரம்) தொகுப்பைச் சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 சிக்மா வரை. சிக்மா என்பது முடிவு தற்செயலாக வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு குறைவு என்பதற்கான அளவுகோல். இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 வேண்டும், அதாவது தற்செயலாக வர ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. 2023-ல் கிளம்பிய யூக்ளிட் விண்கலமும், 2025-ல் முதல் படங்களைக் காட்டிய சிலியின் ரூபின் தொலைநோக்கியும் இதே கேள்வியை வேறு வழியில் அளக்கப்போகின்றன. ஆகவே அடுத்த காணொளி வரும்போது இசையை அணைத்துவிட்டு இரண்டைத் தேடுங்கள்: எத்தனை சிக்மா, எந்தக் கருவி. இரண்டும் இல்லாத காணொளியை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பி, "அண்ணே, இதுல நம்பர் எங்க?" என்று கேளுங்கள்.